வள்ளம் ஓடுது! கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கராஜில் குளிர்காலம் முழுக்கக் கிடந்த வள்ளம் போன சனிக்கிழமை நியூசிலாந்தில் எங்கள் ஆக்லாந்தின் பொயின்ட் செவலியர் கடற்கரையில் இறங்கி, கவிழாமல் ஓடி, கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. படங்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்னை வாழ்த்துகிறீர்கள். சந்தோஷம்தான், ஆனால் அதில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குப் போகவேண்டியது, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது வாஆப்பா என்கிற ஹவாய் வகை வள்ளம், ஒரு பக்கம் மட்டும் மிதவை உள்ள அவுட்ரிகர். வரைபடம் கேரி டியர்கிங் என்ற நியூசிலாந்து வடிவமைப்பாளருடையது. எட்டடித் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கவேண்டும், இரண்டு துண்டு என்றால் 16 அடி, நடுவில் இன்னொன்றை வைத்தால் 24 அடி. பிளைவுட் பலகையே எட்டடி நீளத்தில்தான் வரும் என்பதால் பலகையோடு பலகை ஒட்டி நீட்டுகிற தலைவலி இல்லை. எங்களிடம் இருக்கும் இடத்துக்கு 16 அடிதான் சரி.

முதல் நன்றி பக்கத்து வீட்டு டோங்கா தாத்தாவுக்கு. ஓய்வுபெற்ற தச்சர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என் உளியை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் முகம் பார்க்கிற அளவுக்குத் தீட்டிக் கொண்டுவந்தார். பிறகு தானே தினமும் வர ஆரம்பித்தார். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற மூலைச் சட்டத்தின் சரிவு முனைக்கு முனை மாறிக்கொண்டே போகும், அதை மெஷினால் சீவ முடியாது, கைச்சீவுளியால் கொஞ்சம் சீவு, பலகையை வைத்துப் பார், மறுபடி சீவு. அந்தப் பொறுமை என்னிடம் இருந்ததில்லை, அவரைப் பார்த்துத்தான் வந்தது.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் (பெயர் போடவேண்டாம் என்றார்) பிளைவுட் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றினார். மரைன் பிளைவுட் என்று ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த பலகையில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல பசை என்றால் எத்தனை மணிநேரம் கொதித்தாலும் அடுக்கு பிரியாது. இது பிரிந்தது. பலகை திரும்பிப் போனது, ஆனால் அந்தச் சட்டி இனிச் சமையலுக்கு உதவாது, அதற்காக என் மனைவியிடம் தனியாக ஒரு நன்றியும் ஒரு புதுச் சட்டியும். ஜூலைக் குளிரில் எபொக்சிப் பசை இறுகாமல் அடம்பிடித்தபோது பழைய போர்வையும் ஒரு பல்பும் வைத்துச் சூடாக்கக் காட்டித் தந்ததும் இதே தம்பிதான். இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்குப் படரும், அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் சாண்ட் பேப்பர் போடவேண்டும் என்பதும் அவர் சொன்னது.

இப்போது முக்கியமான இரண்டு பேர். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டு அண்ணன், மற்றவர் நீர்கொழும்பில் இருக்கும் என் மாமா, சின்ன வயதில் ஒருவா என்கிற இலங்கை அவுட்ரிகர் வள்ளத்தில் பாய் போட்டு இறால் பிடிக்கப் போனவர். மிதவையையும் வள்ளத்தையும் சேர்க்கும் குறுக்குத்தடிகளுக்கு நான் ஸ்டீல் போல்ட் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் நேரில் பார்த்துச் சிரித்தார், மாமா வாட்ஸ்அப்பில் பார்த்துத் திட்டினார், இருவரும் சொன்னது ஒன்றுதான்: கட்டு, துளைக்காதே. அலையில் வள்ளம் ஒரு பக்கம் ஏறும்போது மிதவை இன்னொரு பக்கம் இறங்கும், அந்த முறுக்கு முழுக்க போல்ட் துளையில் போய் நின்றால் மரம் அங்கேயே வெடிக்கும். கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அண்ணன் பழைய சைக்கிள் ட்யூபை நீள நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, நடுவில் குறுக்காலும் சுற்றி இறுக்கினார். நான் அதில் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. மத்திய பசிபிக்கில் ஒருவர், இந்து சமுத்திரத்தில் ஒருவர், இருவரும் ஒரே கட்டைச் சொல்வது தற்செயல் இல்லை. மடகாஸ்கரிலிருந்து ஹவாய் வரை அவுட்ரிகரைக் கொண்டுபோனது ஆஸ்திரோனேசிய மொழிகள் பேசும் ஒரே மக்கள் குடும்பம், இலங்கைக் கரைக்கும் அந்த வழியில்தான் வந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் மாமாவுக்கு எங்கள் வள்ளத்தில் பாதித் திருப்திதான். ஒருவாவில் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்கும், திசை மாற்றவேண்டுமென்றால் பாயைத் திருப்பி, பின்பக்கத்தை முன்பக்கமாக்கி ஓட்டுவார்கள். காற்று கூடினால் ஆட்கள் மிதவைப் பக்கம் போய் நிற்பார்கள், எத்தனை பேர் போகவேண்டுமோ அதை வைத்தே ஒராள் காற்று, இரண்டாள் காற்று என்று சொல்வது. எங்களுடையதோ சாதாரணப் பாய்க்கப்பல் போலத் திரும்புவது, ஒரு தடவை மிதவை காற்றுப் பக்கம் வரும், மறுதடவை எதிர்ப்பக்கம் வந்து அமுங்கும். "அப்ப அந்தப் பக்கம் ஆர் நிக்கிறது?" என்று கேட்டார். மிதவைக்கே போதிய மிதப்பு இருக்கிறது மாமா என்றேன், நம்பவில்லை.

பாய் தைத்தது அக்கா. வெள்ளைத் தார்ப்பாயை நண்டுக்கொடுக்கு வடிவில் வெட்டி, விளிம்பை கார்பெட் ஒட்டும் இருபக்க டேப்பால் ஒட்டிவிட்டு மேலே ஸிக்ஸாக் தையல். அவருடைய மெஷின் ஊசிகள் உடைந்த கணக்கை அவர் எனக்கு இன்னும் சொல்லவில்லை.

வள்ளத்தைத் தூக்கி ட்ரெய்லரில் வைத்த பிள்ளைகளுக்கும், சும்மா ட்யூப் தந்த சைக்கிள் கடைக்காரருக்கும், பாட்டிஸ் கொண்டுவந்த அன்ட்டிக்கும் நன்றி.

வள்ளத்தில் ஏற ஆசைப்படுகிறவர்கள் உங்கள் லைஃப் ஜாக்கெட் அளவை எனக்கு அனுப்புங்கள். அந்தக் கரையில் தண்ணீர் வற்றினால் சேறுதான், அதனால் பெருக்கு நேரம் பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும், தாத்தாவுக்கும் அண்ணனுக்கும் முதல் இடம். மாமா டிசம்பரில் வருகிறார். அதற்குள் மிதவையின் மூக்கில் உரிந்த பெயின்டைத் திருத்தவேண்டும், வருகிற ஞாயிறு காலை யார் ஃப்ரீ?