செல் பீஸை எடுக்காவிட்டால் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2009 இறுதிப் போரில் உடம்புக்குள் போன செல் பீஸோடு, அதாவது வெடித்த எறிகணையின் இரும்புத் துண்டோடு, இன்றைக்கும் வயலுக்கும் கடலுக்கும் போய்வருகிற சனம் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் நிறைய. இவர்கள் கிளினிக்குக்குப் போய் "ஐயா, இதை எடுத்துவிடுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "அது இருக்கட்டும், ஒன்றும் செய்யாது." அவ்வளவுதான், அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த முடிவு அநேகமாகச் சரியானதுதான். சதைக்குள் ஆழமாகப் போய்ச் சுற்றிவரத் தழும்பு கட்டிக் கிடக்கிற சின்ன இரும்பைத் தேடி வெட்டப் போனால், நரம்பும் இரத்தக்குழாயும் சேதப்பட்டு, இருக்கிற நோவைவிடப் பெரிய நோவு வந்துசேரலாம். ஆனால் எல்லாப் பீஸும் ஒன்றில்லை. மூட்டுக்குள் இருப்பது, நரம்பை அழுத்துவது, அடிக்கடி சீழ் வைப்பது எல்லாம் வேறு கதை. தன்னுடையது எந்த வகை என்று நோயாளிக்கு யார் சொல்கிறார்கள்?

என் மச்சாளுக்குத் தோள்பட்டைக்குப் பின்னால் ஒன்று. மாரி தொடங்கினால் கையைத் தூக்கித் தலை இழுக்க மாட்டார். "இருக்கட்டும்" என்ற பதிலை அவர் எடுத்துக்கொண்டது, நாங்கள் ஏழைச் சனம், அதுதான் கவனிக்கிறார்களில்லை என்று. கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிட்டு, பார்மசியில் டைக்குளோபெனாக் என்ற நோவு மாத்திரையை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுப்போட்டுக் கடைசியில் குடல் புண்ணோடு வார்டில் கிடந்தார். அங்கே ஒரு இளம் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இது விலா, இதுக்குள்ள நுரையீரல், பீஸ் இங்க, வெட்டினால் இந்தப் பக்கத்தால்தான் போகவேண்டும் என்று ஒரு கடதாசித் துண்டில் கீறியும் காட்டினார். மச்சாள் கொஞ்ச நேரம் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "அப்ப வேண்டாம், நோவுக்கு மட்டும் பாருங்கோ" என்றார். முதல் டொக்டரும் அதே முடிவைத்தானே சொன்னவர்! இப்போது கிளினிக்கைத் தவறவிடுவதில்லை, உடற்பயிற்சியும் செய்கிறார்.

உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளர் உரிமைப் பிரகடனம், போதிய விளக்கம் பெற்ற பிறகு சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ நோயாளிக்கு உரிமை உண்டு என்கிறது. எங்கள் பக்கம் விளக்கம் என்பது பல நேரம் "இதில கையெழுத்து வையுங்கோ" என்பதோடு முடிந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வந்து அக்கறையாக வேலை செய்கிற சிங்கள டொக்டர்மாரும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது, ஆனால் நடுவில் மொழிபெயர்ப்பது ஓடித்திரிகிற ஒரு தாதியோ வார்டில் நிற்கிற யாராவதோதான். ஓபிடி வரிசை வாசல்வரை நிற்கும்போது ஆற அமரக் கதைக்க நேரமில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது.

அதனால்தான் சின்ன விஷயம் ஒன்றைக் கேட்கிறேன். பீஸ் எங்கே இருக்கிறது, ஏன் எடுக்கவில்லை, என்ன நடந்தால் உடனே வரவேண்டும், இந்த மூன்றையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எம்ஆர்ஐ எடுக்க அனுப்பும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த மெஷினின் காந்தம் உள்ளே இருக்கிற இரும்பை அசைக்கக்கூடும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட இருந்தால் பெரிய ஆபத்து. எங்கள் ஆட்களில் சிலர் விசாரணை வருமோ என்ற பழைய பயத்தில் கேட்டால்கூடக் காயத்தைச் சொல்வதில்லை. ஆகவே, காயம் எப்படி வந்தது என்று விசாரிக்காமல், "உடம்பில இரும்பு ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவர்