பிரிந்து கிடந்த வரைபடங்களைச் சேர்த்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் பழைய கணினி வரைபடத் தரவில் மிச்சமிருந்த கால்வாய் லேயரும் (வரைபட அடுக்கும்) போன வாரம் மாறிவிட்டது. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு முறையில் இருந்தவை அனைத்தும் இப்போது ஜியோபேக்கேஜ் என்ற புதிய முறையில் இருக்கின்றன. உங்களிடம் நேரில் நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் எதைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், அதனால் பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஷேப்ஃபைல் என்பது பேருக்குத்தான் ஒரு கோப்பு. வடிவங்களுக்கு ஒன்று, அவற்றைத் தேடி எடுக்கும் அட்டவணைக்கு ஒன்று, பெயர், ஆழம் போன்ற விவரங்களுக்கு டிபிஎஃப் என்று ஒன்று. இந்த மூன்றும் கட்டாயம். எந்த ஆள்கூற்று முறையில் (இடங்களை எண்களால் குறிக்கும் முறையில்) வரைந்தது என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பும், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பும் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதை உருவாக்கிய எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனம் 1998-இல் இதன் அமைப்பை விளக்கி வெளியிட்ட ஆவணத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இதைப் படிக்கும் மென்பொருள் எழுத முடிந்தது. அது பெரிய நன்மை. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த எங்கள் தொகுப்பில், சேர்ந்து இருக்க வேண்டிய கோப்புகள் திசைக்கொன்றாகப் போயிருந்தன.

அட்டவணைக் கோப்பு தொலைந்த லேயர்களை முதல் நாளே மீட்டுக் கொடுத்த தம்பிக்கு நன்றி. வடிவக் கோப்பு நன்றாக இருந்தால், வரைபடக் கோப்புகளைப் படித்து மாற்றும் ஜிடால் என்ற மென்பொருள் அந்த அட்டவணையை மறுபடி கட்டிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ‘போயிற்று’ என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவை அவை.

பிஆர்ஜே கோப்பு இல்லாததுதான் பெரிய சிக்கல். எண்களைப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை போலவே இருந்தன. சரி, ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய முறையான டபிள்யூஜிஎஸ்84 என்று வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தபோது கிணறுகள் ஏரிக்குள் இருந்தன. எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தன. இழுத்துச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது.

அப்போது தடுத்தவர் ஓய்வு பெற்ற அந்த நில அளவையாளர் ஐயா. “கையால் நகர்த்தினால் ஓரிடத்தில் பொருந்தும், இன்னோரிடத்தில் விலகும். முதலில் எந்தத் தாளிலிருந்து வரைந்தார்கள் என்று பாருங்கள்” என்றார். அந்தத் தாள்களையும் அவரே தேடித் தந்தார். விளிம்பில் சிறிய எழுத்தில் பழைய நீள்கோளத்தின் (பூமியின் வடிவ மாதிரியின்) பெயர் இருந்தது. பூமியின் வடிவத்துக்கு வேறு அளவுகளை வைத்து வரைந்த வரைபடத்தை இன்றைய முறை என்று நினைத்துக்கொண்டால், சில நூறு மீட்டர் வரை விலகுவது சாதாரணம். சரியான மாற்றுச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, இடம் உறுதியாகத் தெரிந்த அளவைக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவர் தலையசைத்தார். ஐயா, அன்று நீங்கள் தடுத்திருக்காவிட்டால், பிழையான இடங்களை அழகான புதிய கோப்பில் பூட்டி வைத்திருப்பேன்.

ஐயா, உங்கள் குறிப்பேட்டுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். டிபிஎஃப்-இல் ஒரு புலத்தின் (விவரப் பத்தியின்) பெயர் பத்து எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் யாருக்கும் விளங்காத சுருக்கப் பெயர்களாகவே இருந்தன. ஆழத்துக்கான புலத்தில் ஏராளமான சுழியங்கள். வற்றிப்போன கிணறா, அளக்காமல் விட்ட கிணறா? அந்தக் கோப்பு முறையில் ‘மதிப்பு இல்லை’ என்று பதிய ஒழுங்கான வழி கிடையாது, இரண்டும் சுழியமாகவே நிற்கும். உங்கள் குறிப்பேட்டில் அளந்த கிணறுகளுக்கு எதிரே தேதி இருந்தது. தேதி இல்லாதவற்றை இப்போது வெற்றாக மாற்றிவிட்டோம்.

அப்புறம் ஊர்ப்பெயர்கள். எழுத்துரு சார்ந்த பழைய முறைகளில் தட்டச்சு செய்தவை, திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அதோடு ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று அடித்திருப்பார்கள். இன்றைய பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடில்) ககரம் முதலில் வர வேண்டும். குறியீட்டை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். இதற்காக நிரல் எழுதி, சந்தேகம் வந்த பெயர்களை இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்திய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒருங்குறியைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். 254 பைட் வரம்புள்ள பழைய புலத்தில் நீண்ட குறிப்புகள் பாதியில் வெட்டுப்படும். புதிய கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உருப்படிகளை எண்ணி, பரப்பளவைக் கூட்டி ஒப்பிட்ட தோழிக்கும் நன்றி. எண்ணிக்கை சரியாக இருந்தும் பரப்பு இடித்தது. தன்னைத்தானே வெட்டிக்கொண்ட பலகோணங்கள் அப்படித்தான் பிடிபட்டன.

முகம் தெரியாதவர்களும் உதவியிருக்கிறார்கள். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய ஜிடால், ஜெரால்ட் எவெண்டன் தொடங்கிய, ஆள்கூற்று முறைகளை மாற்றித் தரும் புரோஜ், கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய, வரைபடங்களைத் திறந்து திருத்த உதவும் கியூஜிஐஎஸ் ஆகிய மென்பொருள்களையும், அவற்றை இன்றுவரை வளர்க்கும் அத்தனை பேரையும் நன்றியோடு நினைக்கிறேன். ஜியோபேக்கேஜ் 2014-இல் ஓஜிசி என்ற புவித்தரவுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம். வடிவம், விவரம், ஆள்கூற்று முறை எல்லாம் ஒரே கோப்புக்குள். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பழைய கோப்புகள் எதையும் அழிக்கவில்லை. யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, தனி வட்டில் வைத்திருக்கிறோம். ஐயா, உங்கள் குறிப்பேட்டை அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். அதன் பக்கங்களை ஸ்கேன் செய்து, கிணறு லேயரோடு இணைத்து அதே கோப்புக்குள் வைத்தாயிற்று. இனி கிணறுகள் போகும் இடமெல்லாம் உங்கள் கையெழுத்தும் கூடவே போகும்.

நன்றியுடன்,
உங்கள் தோழன்