‘ஊசிக்கு விடை’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊசியில்லா இன்சுலின் பற்றிய கட்டுரைக்கு ‘ஊசிக்கு விடை’ என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். அன்றே என் தங்கை போன் செய்து, "அப்போ இனிமேல் உனக்கு ஊசி கிடையாதா?" என்றாள். சாப்பாட்டுக்கு மூன்று, இரவுக்கு ஒன்று என்று தினம் நான்கு ஊசி போட்டுக்கொள்பவன் நான். பதில் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

வாயால் மூச்சோடு நுரையீரலுக்குள் உறிஞ்சும் பொடி இன்சுலின் இருப்பது உண்மைதான். அஃப்ரெஸ்ஸா என்ற அந்தப் பொடிக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி கொடுத்தது. சாப்பிடும்போது உறிஞ்சினால் சீக்கிரமே வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். சரி, அப்புறம் இரவு முழுக்க? அதற்கு நெடுநேரம் நிற்கும் இன்சுலின் வேண்டும். அது ஊசியில்தான் வருகிறது. என் மாதிரி முதல் வகைச் சர்க்கரைக்காரர்களுக்கு நான்கு ஊசி ஒன்றாகலாம், பூஜ்யமாகாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தப் பொடியே ஆகாது. மற்றவர்களும் நுரையீரல் சோதனைக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். இதெல்லாம் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு முன்னால் 2006-இல் எக்ஸுபெரா என்று இன்னொரு பொடி இன்சுலின் வந்தது. மறு வருடமே ஃபைசர் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. பொடியை உறிஞ்சும் கருவியை நீட்டினால் டென்னிஸ் பந்து டப்பா அளவு இருக்கும். கணக்கும் குழப்பம்: 1 மி.கி. பொடி ஊசி இன்சுலின் 3 யூனிட்டுக்குச் சமம், 3 மி.கி. பொடியோ 9 அல்ல, 8! பசியோடு உட்கார்ந்து யார் இதைப் போட்டுப் பார்ப்பார்கள்?

மாத்திரையாக விழுங்கினால், இன்சுலின் புரதம் என்பதால் வயிறு அதையும் சாப்பாட்டோடு செரித்துவிடும். அழுத்தத்தால் தோலுக்குள் பீய்ச்சும் கருவிகளில் ஊசி இல்லை. வலியும் கன்றலும் சிலருக்கு உண்டு.

உண்மையில் 4 மி.மீ. நீள ஊசி பெரிதாக வலிப்பதில்லை. என் தொல்லை வேறு. தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரே இடத்தில் போட்டுப் போட்டு, தடவினால் ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு. அங்கே போட்டால் மருந்து சரியாக இறங்காது; சர்க்கரை ஏறும், திடீரென்று விழும். பொத்தானை அழுத்திப் பத்து எண்ணும் முன் இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசிக் கருவி) எடுத்தால் நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அதுவும் நஷ்டம்தான். இடம் மாற்றிப் போடுவது பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன்.

தலைப்புக்கு அடுத்த இதழில் ஒரு வரி திருத்தமும் வேண்டும். தங்கைக்கு நான் சொல்லிவிட்டேன். தலைப்பை மட்டும் பார்த்து ஊசியை நிறுத்தப் போகிறவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நான்கு ஊசி வாசகன்