மூன்றாம் பாகம் இல்லாத வீடு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்,
ஆடிக் கடைசி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உங்கம்மா பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

புனேயில் நீங்கள் நண்பர்கள் கூடி, சின்ன வயதில் தூக்கத்தைக் கெடுத்த புத்தகத்தை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கைமாற்றிக்கொள்கிறீர்கள், அதற்குப் பாட்டியின் பொன்னியின் செல்வனைக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்றாய். அனுப்ப முடியாது கண்ணு. முதல் பாகம் நம் வீட்டிலேயே இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. கொடுத்தது நான்தான். பீரோவில் அந்த இடத்தில் பழைய பஞ்சாங்கத்தைச் சொருகி வைத்திருக்கிறேன்.

நம் வீட்டிலிருந்து புத்தகம் வெளியே போகக்கூடாது என்ற சட்டம் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஓர் உறவுக்காரர் மூன்றாம் பாகத்தை, அதுதான் ‘கொலை வாள்’, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனார். போனது போனதுதான். அவர் யார் பக்கத்து உறவு என்பது இந்த வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

ஆனால் அந்தப் புத்தகமே நாலு வீடு சுற்றி வந்ததுதான். 1950-லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது பாட்டிக்குப் பாவாடை தாவணி வயசு. பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரே ஒரு பிரதி வரும். அது தெருவில் நாலு வீடு போய்த் திரும்பும்போது எண்ணெய்க் கறையும் மஞ்சள் விரலுமாக இருக்குமாம். அந்தத் தாள்களைத்தான் பிரித்தெடுத்து, பிறகு பொள்ளாச்சியில் கொடுத்து, காலிகோ ஒட்டி பைண்டு பண்ணினாள். மணியம் வரைந்த படங்கள், பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தலைவலி மருந்து விளம்பரம், எல்லாம் அப்படியே உள்ளே இருக்கின்றன. வந்தியத்தேவனுக்கு ஓரிடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது. அது யார் வேலை என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் பாகம் போனபிறகு, இரண்டாவதை முடித்தவர்கள் பாட்டியிடம் வருவார்கள். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நடுவில் விட்டுப்போனதைச் சொல்லிக் கரையேற்றி, நாலாம் பாகத்தில் கொண்டுபோய் விடுவாள். நீயும் அப்படித்தான் கேட்டாய். ஆழ்வார்க்கடியான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, சித்தூர்ப் புழையில் குளித்து, நம் தெருவில் மோர் வாங்கிக் குடித்தான் என்று பத்து வயசுவரை நம்பியிருந்தாய். இளவரசருக்குக் காய்ச்சல் கண்டபோது பூங்குழலி சுக்கும் குறுமிளகும் தட்டிக் கஷாயம் வைத்தாள் என்பதும் பாட்டி சேர்த்ததுதான். உனக்குக் காய்ச்சல் வந்த வாரம் அது. கோயம்புத்தூர் சித்தி வீட்டில் அச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, “கல்கி கஷாயத்தை விட்டுட்டாருப்பா” என்று நீ புகார் சொன்னது எனக்கு இன்னும் சிரிப்பு.

எனக்குப் பிடித்ததை உனக்குக் கொடுக்கப்போய் நான் தோற்ற கதையும் ஒன்று உண்டு. முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடுதான் ஆரம்பித்தது. எனக்கு அவன் என்றால் உயிர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். உனக்கு ஏழு வயசானதும், “நாளைக்கு மாயாவி புத்தகம் தர்றேன்” என்றேன். நீ இராத்திரியெல்லாம் தூங்கவில்லை. ஆனால் உன் மாயாவி வேறு. எதிர்வீட்டில் வாங்கிய மலையாளச் சிறுவர் இதழ் பாலரமாவில் வருகிற, கொம்பு முளைத்த, மந்திரக்கோல் வைத்த குட்டிச்சாத்தான். ராஜுவையும் ராதாவையும் காப்பாற்றுகிறவன். ஆசையாகப் பிரித்த பக்கத்தில் வெறுங்கை ஒன்று கழுத்தை நெரிக்க வந்ததும் அலறிவிட்டாய். எல்லையோரத்தில் பிள்ளை வளர்ப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம் உண்டு. அவரவர் மாயாவி அவரவர்க்கு.

கொடுப்பதில் கெட்டிக்காரி எதிர்வீட்டுச் சேச்சிதான். எனக்கு மலையாளம் பேச வருமே தவிர, எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. அவர் இலக்கியம் என்றெல்லாம் பேசவில்லை. “இதில் ஓர் ஆடு புத்தகத்தைத் தின்கிறது, எந்தப் புத்தகம் என்று பார்த்துச் சொல்” என்று பஷீரின் பாத்துமாவின் ஆட்டைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஆட்டைத் தேடித்தான் எனக்கு மலையாள எழுத்தே படிந்தது. கடைசியில் பார்த்தால், அது தின்றது பஷீர் எழுதிய புத்தகங்களையே! திருப்பிக் கொடுக்கும்போது, “ஆடு நம் உறவுக்காரரைவிடத் தேவலை, தின்றதை ஒளிக்கவில்லை” என்றேன். சேச்சி ஒரு தடவைகூட ‘படித்தாயா’ என்று கேட்டதில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாலாம் நாளே கேட்டுவிடுவேன், அதோடு எதிராளிக்குப் படிக்கிற ஆசையும் போய்விடும்.

சரி, பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்குட்டி இருக்கிறாள் அல்லவா? ஜூன் 19 வாயனா தினம், அதாவது வாசிப்பு நாள். கேரளத்தில் ஊர் ஊராக வாயனசாலை, அதாவது நூலகம், தொடங்க வைத்த பி. என். பணிக்கர் மறைந்த நாள். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்தாள். படிப்பது மலையாள மீடியம், வீட்டில் பேசுவது தமிழ். தமிழ் எழுத்து தெரியாது. புத்தகத்தைக் கொடுத்து என்ன செய்ய? ‘நான் படிக்கிறேன், நீ கேள்’ என்று அவர்கள் திண்ணையில் உட்கார்ந்தேன். தினம் சாயங்காலம் இரண்டு அத்தியாயம். வாயனா தினம் அதுபாட்டுக்கு வந்து போனது. இவள் விடவில்லை. படத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று புத்தகத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இப்போது அவள் பாட்டியும் வெற்றிலையோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் வாக்கிங் போவதாக உங்கம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் பாகம் மட்டும் என்று மேலே எழுதிவிட்டேன். இரண்டாவதும் அங்கேதான்.

நேற்று கடலில் புயல் அடித்து இரண்டாம் பாகம் முடிந்தது. வெளியே ஆடிக்காற்று பனைகளைப் போட்டு உலுக்குகிறது. குட்டி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “அப்புறம்?” என்கிறாள். மூன்றாம் பாகத்துக்கு அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்கும். வாங்கவில்லை. சொல்லியே பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

உன் முறை வரும்போது நீயும் மூன்றாம் பாகத்தைச் சொல்லிவிடு. உன் நண்பர்களுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியாதே, பைண்டு புத்தகத்தை வைத்து என்ன செய்வார்கள்? சினிமாவாகப் பார்த்தவர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

எனக்கு ஓர் உதவி. கஷாயம் குடித்ததும் பூங்குழலி படகுக்குள் உட்கார்ந்து ஒரு தாலாட்டுப் பாடுவாள் என்று பாட்டி இழுத்துப் பாடுவாளே, எனக்கு முதல் அடிக்கு மேல் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் பாடி வாட்ஸப்பில் அனுப்பு. என் போனுக்கே அனுப்பு, உங்கம்மா போனுக்கு வேண்டாம். நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் கிடைத்தால் போதும், அதுவரை இளவரசரைக் காய்ச்சலிலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா