டெமியன் மாயாவுக்கு ஒரு இடம்: யு.எஃப்.சி. புகழ் மண்டபத் தேர்வாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய யு.எஃப்.சி. நிர்வாகத்தினருக்கும், புகழ் மண்டபத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்போருக்கும்,

வணக்கம்.

2019 அக்டோபர் 26 அன்று இரவு சிங்கப்பூர் உள்ளரங்கில் மேல் வரிசை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) ஆட்டங்கள் நடக்கும் எண்கோணக் கூண்டான ஆக்டகனுக்குள், பிரேசிலின் டெமியன் மாயாவும் பென் ஆஸ்க்ரனும். மாயாவுக்கு 42 வயது முடிய இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி. ஆஸ்க்ரன் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் ஆடியவர். மூன்றாவது சுற்றில் சண்டை தரைக்குப் போனது. ஆஸ்க்ரன் மேலே, மாயா கீழே. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "கிழவன் கதை முடிஞ்சுது" என்றார்.

வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள், ஆளைத் தரையில் மடக்கிப் பிடிபோடும் கலையான ஜியு ஜிட்சு பழகுகிறவன் நான். இன்னும் நீல பெல்ட்தான் என்றாலும், கீழே கிடப்பவரின் கைகளைப் பார்க்கத் தெரியும். மாயாவின் கைகளில் பதற்றம் இல்லை. சற்று நேரத்தில் ஆஸ்க்ரனைப் புரட்டிவிட்டு மேலே வந்தார். அடுத்து முதுகு, அதற்கடுத்து கழுத்து. 3 நிமிடம் 54 வினாடியில் ஆஸ்க்ரன் தோற்றுப்போனார். மல்யுத்தத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஒருவர் கட்டிப்பிடித்து ஆடும் சண்டையிலேயே தோற்ற அந்த இரவுதான் அவருடைய கடைசி எம்.எம்.ஏ. ஆட்டம். பக்கத்து ஆள் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்த இரவை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டெமியன் மாயாவைப் புகழ் மண்டபத்தில் சேருங்கள். நவீனப் பிரிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் விதிகள் அவருக்குத் தடையாக இல்லை. 2000 நவம்பர் 17க்குப் பிறகு தொழில்முறைக்கு வந்தவராக இருக்க வேண்டும் என்கிறீர்கள், அவருடைய முதல் ஆட்டம் 2001இல். வயது வரம்பையும் அவர் தாண்டிப் பல வருஷம் ஆயிற்று.

"அவர் சாம்பியன் ஆகவில்லையே" என்பதுதான் நான் எப்போதும் கேட்கும் பதில். ஆகவில்லை, உண்மைதான். இரண்டு முறை பட்டத்துக்காக ஆடி இரண்டு முறையும் தோற்றார். ஆனால் டொனால்ட் செரோனியும் உங்கள் பட்டத்தை ஒருநாளும் வென்றதில்லை. 2023இல் அவரை நவீனப் பிரிவில் சேர்த்தீர்கள், சேர்த்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். செரோனிக்கு யு.எஃப்.சி.யில் 23 வெற்றிகள், மாயாவுக்கு 22. அந்த 22இல் 11 சப்மிஷன், அதாவது பிடிபோட்டு எதிராளியைத் தட்ட (தோல்வியை ஒப்புக்கொள்ள) வைத்தோ மயங்க வைத்தோ வந்தவை.

அவருடைய தோல்விப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மொத்தக் கணக்கு 28 வெற்றி, 11 தோல்வி. பதினொன்றும் உங்கள் கூண்டுக்குள் வந்தவைதான், வெளியில் அவர் தோற்றதே இல்லை. ஆண்டர்சன் சில்வா, கிறிஸ் வைட்மன், டைரன் வுட்லி, கோல்பி கோவிங்டன், கமாரு உஸ்மான், பெலால் முகமது. இந்த ஆறு பேர் இடுப்பிலும் அப்போதோ பிறகோ உங்கள் பெல்ட் ஏறியது, கோவிங்டனுக்கு இடைக்காலப் பட்டம். மிச்சம் ஐந்து பேரில் நேட் மார்க்வார்ட்டும் ஜேக் ஷீல்ட்ஸும் ஸ்டிரைக்ஃபோர்ஸ் என்ற வேறொரு எம்.எம்.ஏ. நிறுவனத்தில் பட்டம் வென்றவர்கள், ரோரி மெக்டொனால்ட் பெல்லட்டர் என்ற இன்னொரு நிறுவனத்தில் வென்றவர். இத்தனை பேரில் ஒருவர்கூட மாயாவைத் தட்ட வைத்ததில்லை. இரண்டு பேர் அடித்து வீழ்த்தினார்கள், மற்ற ஒன்பதும் நடுவர்கள் புள்ளி போட்டு முடிவுசெய்தவை.

ஆனாலும் எண்களுக்காக நான் இந்த மடலை எழுதவில்லை. அவர் வென்ற விதத்துக்காக எழுதுகிறேன்.

சாவோ பாவ்லோவில் 1977இல் பிறந்த மாயா, பத்தொன்பது வயதில்தான் ஜியு ஜிட்சு பழகத் தொடங்கினார். இந்தக் கலையில் அது தாமதமான வயது. இருந்தும் ஐந்து வருஷம் முடிவதற்குள் ஃபாபியோ குர்ஜெலிடம் கறுப்பு பெல்ட் வாங்கினார். பலருக்குப் பத்து வருஷம் பிடிக்கும். இதழியல் படித்துப் பட்டமும் பெற்றவர். 2007இல், பிடிச் சண்டைக்கான உலகப் போட்டியான ஏ.டி.சி.சி.யில் 88 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அதே வருஷம் அக்டோபரில் சின்சினாட்டியில் உங்களிடம் முதல் ஆட்டம், முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் வெற்றி.

அதன்பின் அவர் செய்ததை நான் எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எதிராளியின் ஒற்றைக் காலைப் பிடிப்பார். எதிராளி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தப்பப் பார்ப்பார். வேறு யாராக இருந்தாலும் அங்கே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். மாயா தானே மல்லாந்து படுத்துவிடுவார். எதிராளியின் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பூட்டிக்கொள்வார், ஜியு ஜிட்சுவில் இதற்கு ஹாஃப் கார்டு என்று பெயர். அங்கிருந்து எதிராளியின் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, மறுபடி அதே காலைப் பற்றிக்கொண்டு எழுவார். எதிராளி உதறித் திரும்புவார். திரும்பிய அந்தக் கணத்தில் மாயா முதுகில் இருப்பார். பிறகு உடும்புப்பிடிதான். உடம்பைச் சுற்றிக் கால்களைப் பின்னிக்கொண்டு, தோளில் மாட்டிய பை மாதிரி தொங்குவார். எழுந்து நின்றாலும் இறங்க மாட்டார்.

இதில் ரகசியம் எதுவும் கிடையாது. எதிராளிக்குத் தெரியும், அவருடைய கோச்சுக்குத் தெரியும், டிவியில் பார்க்கிற எங்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒரே வேலையைப் பத்து வருஷத்துக்கும் மேலாக உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள்மேல் செய்துகாட்டினார். 2009 பிப்ரவரியில் லண்டனில் சேல் சொன்னன்மேல் செய்தார். கட்டிப்பிடித்துச் சரித்தபடியே அவர் மார்பின்மேல் போய் இறங்கி, முக்கோணப் பிடியில் முடித்தார். அடுத்த வருஷம் ஆண்டர்சன் சில்வாவை நாலு சுற்றுக்கு மேல் தரையில் வைத்து அமுக்கிய அதே சொன்னன்தான்! 2016 ஆகஸ்டில் வான்கூவரில் கார்லோஸ் காண்டிட்மேல் செய்தார். எட்டு மாதம் முன்புதான் பட்டத்துக்கான ஆட்டத்தில் மயிரிழையில் தோற்றிருந்தவர் காண்டிட். மாயா அவரை முடிக்க 1 நிமிடம் 52 வினாடி போதுமானதாக இருந்தது.

அந்த ஆட்டம் முடிந்ததும் காண்டிட் முகத்தைப் பார்த்தீர்களா? ஒரு கீறல் இல்லை. பிரேசிலில் 'மாத்தா லியாவ்', அதாவது சிங்கத்தைக் கொல்வது, என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பிடி கழுத்தின் இருபுறமும் ஓடும் ரத்தக் குழாய்களை அழுத்துகிறது. தட்டினால் உடனே விட்டுவிடலாம். தட்டியவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து கை குலுக்கி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகலாம். எதிராளியைக் காயப்படுத்தாமல் ஜெயிக்க முடியும் என்று காட்டுவதே தன் ஆசை என்று மாயா ஆரம்பத்திலிருந்தே பல பேட்டிகளில் சொல்லிவந்தார். மூளைக் காயங்களைப் பற்றி எல்லா விளையாட்டுகளும் கவலைப்படத் தொடங்கியிருக்கிற காலம் இது. கூண்டுச் சண்டைக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னதோடு நிற்காமல் 43 வயது வரை செய்தும் காட்டியிருக்கிறார். உங்கள் விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய கௌரவத்தை வேறு யார் தேடித் தந்தார்?

2012 அக்டோபரில் ரியோவில் ரிக் ஸ்டோரியோடு நடந்ததை நீங்கள் எனக்கு எதிராகக் காட்டலாம். தாடைக்கு மேலேயே கை விழுந்தது, மாயா விடாமல் முறுக்கினார், ஸ்டோரியின் மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சண்டை சண்டைதான், அதில் பூத்தூவ முடியாது. ஆனால் ஸ்டோரி தட்டியதும் அந்தக் கை தளர்ந்தது. மாயாவைப் போலவே பிரேசிலிலிருந்து வந்த வேறொருவர், தட்டிய பிறகும் பிடியை விடாததற்காக உங்களாலேயே வெளியே அனுப்பப்பட்டார். இரண்டு பேருக்கும் தெரிந்த வித்தை ஒன்றுதான்.

குரிட்டிபாவில் 2016 மே மாதம் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கால்பந்து மைதானம், 45,000 பேருக்கு மேல் கூட்டம். மேட் பிரவுன் முதுகில் மாயா கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் அரை நிமிடம்தான் பாக்கி, புள்ளிக் கணக்கில் வெற்றி உறுதி. சும்மா பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். மாயா கழுத்தைத் தேடிப் பிடித்து முடித்தார். இவரைத்தான் "சலிப்பாக ஆடுகிறவர்" என்று சொல்லிவந்தார்கள்.

உங்களிடம் எனக்கு வருத்தமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2010 ஏப்ரலில் அபுதாபியில் ஆண்டர்சன் சில்வா ஆட்டத்துக்குப் பதில் கேலி செய்துகொண்டிருந்தபோது, வீங்கிய முகத்தோடு கடைசிச் சுற்று வரை முன்னால் போய்க்கொண்டிருந்தவர் மாயா. அந்த இரவைக் குறித்து உங்கள் அப்போதைய தலைவர் டேனா வைட் கோபப்பட்டார், ரசிகர்களிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த இரவு நம் நினைவில் சில்வாவின் கதையாகவே தங்கிவிட்டது.

அடுத்த பட்ட வாய்ப்புக்கு ஏழு வருஷம். எடை குறைந்த வெல்டர்வெயிட் பிரிவுக்கு இறங்கி, காண்டிட்டோடு சேர்த்துத் தொடர்ந்து ஆறு பேரை ஜெயித்தும் காத்திருக்கச் சொன்னீர்கள். ஏழாவதாக ஹோர்ஹே மாஸ்விடாலையும் ஜெயித்தார். அதற்குப் பிறகு கொடுத்தீர்கள், ஆனால் அந்தக் கடினமான ஆட்டம் முடிந்து பதினொரு வாரத்தில். 2017 ஜூலை 29, அனஹைமில், 39 வயதில், இருபது தடவைக்கு மேல் வுட்லியின் காலுக்குப் போனார். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. தோல்வியைக் குறை சொல்ல மாட்டேன், வுட்லி அன்று அவ்வளவு கச்சிதமாகத் தற்காத்தார். கூட்டம் ஊளையிட்டது. கூட்டத்தையும் விட்டுவிடலாம். ஆட்டம் நடத்திய நீங்களும் அதே குரலில் பேசினீர்களே, அதுதான் உறுத்துகிறது. இருபது தடவை மறுக்கப்பட்ட பிறகும் இருபத்தோராவது தடவை காலுக்குப் போகிற மனசு எத்தகையது என்று உங்கள் மேடையில் யாரும் பேசவில்லை.

உடனே அடுத்து கோவிங்டன். அதற்கடுத்து உஸ்மான், அதுவும் வேறொருவர் விலகியதால் குறைந்த அவகாசத்தில் ஒப்புக்கொண்டது. ஒரு வருஷத்துக்குள் மூன்று பெரிய மல்யுத்தக்காரர்கள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மாயா இவர்களில் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன்பின் திரும்பி வந்து தொடர்ந்து மூன்று ஜெயித்தார் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

2020 மார்ச் 14 அன்று பிரேசிலியாவில், தன் சொந்த நாட்டில், கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் கில்பர்ட் பர்ன்ஸிடம் தோற்றார். அடி விழுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. 2021 ஜூனில் பெலால் முகமதுவோடு ஆடியது கடைசி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விடைகொடுக்க ஓர் ஆட்டம் நடக்கவில்லை, கூண்டின் நடுவே கையுறையைக் கழற்றி வைக்கும் அந்த நிமிடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1993இல் டென்வரில் உங்கள் முதல் போட்டி நடந்தபோது, தன்னைவிடப் பெரிய ஆட்களை ஒல்லியான ஒருவர் கழுத்தைப் பிடித்துத் தட்ட வைத்தார். ராய்ஸ் கிரேஸி. புகழ் மண்டபத்தைத் திறந்தபோது முதலில் சேர்த்த இருவரில் அவர் ஒருவர். அந்த முதல் இரவின் வித்தையை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்ட காலத்தில், எல்லாரும் அதற்கெதிராகவே பயிற்சி எடுத்து வந்த காலத்தில், கடைசி வரை நம்பி ஆடியவர் மாயா. இன்னொரு பிரேசில் வீரரான சார்ல்ஸ் ஒலிவேராவின் சப்மிஷன் சாதனைகளை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ஒலிவேரா கையாலும் முழங்காலாலும் வீழ்த்தத் தெரிந்தவர். மாயாவிடம் இருந்தது ஏறக்குறைய அந்த ஒரு வழிதான்.

அவரை அழைப்பது என்று முடிவு செய்தால், சின்ன வேண்டுகோள் ஒன்று. மேடையில் காட்டும் தொகுப்புக் காட்சியில் வழக்கம்போல் பிடி இறுகும் கடைசி இரண்டு வினாடியை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். காண்டிட் ஆட்டத்தின் அந்த 1 நிமிடம் 52 வினாடியை முழுதாகப் போடுங்கள். காண்டிட் எழுந்து நிற்பதையும், இருவரும் கட்டிக்கொள்வதையும் சேர்த்து.

இப்படிக்கு,
அந்த இரவு மேல் வரிசையில் இருந்த ஒரு ரசிகன்,
சிங்கப்பூர்.