குறுக்குப் பெருக்கலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

சென்னை நடுநிலைப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். புளியந்தோப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்பில் பின்னப் பாடம் தொடங்குமுன் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குறுக்குப் பெருக்கலை, அதாவது ஒவ்வொரு பின்னத்தின் மேல் எண்ணையும் மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கிக் கூட்டி, கீழ் எண்கள் இரண்டையும் பெருக்கிக் கீழே போடும் வழியை, எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிடாதீர்கள்.

அரை கிலோ தக்காளியும் கால் கிலோ வெங்காயமும் வாங்கினால் பையில் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் சட்டென்று "முக்கால் கிலோ" என்பார்கள். அதையே 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுத்தால் பலர் 2/6 என்கிறார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு, அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை. பின்னம் ஓர் அளவு என்று மனதில் பதியவில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான்.

குறுக்குப் பெருக்கல் இந்தக் குறையை மூடி மறைத்துவிடுகிறது. விடை வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் 5/12 + 7/18 கொடுத்தால் பகுதி 216, தொகுதி 174 என்று போய் நிற்கும். அதைச் சுருக்குவதற்குள் பிள்ளை களைத்துவிடும். 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 36 என்று பார்த்தால் 15/36 + 14/36 = 29/36, முடிந்தது. மீ.சி.ம. எதற்கு என்பதும் அங்கேதான் புரியும்.

ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகள் போதும். ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டிலும் ஆறு சம பாகம் வரும்படி மடிக்கட்டும். அரை 3/6 ஆகவும் மூன்றில் ஒன்று 2/6 ஆகவும் கண்ணுக்குத் தெரியும், கூட்டினால் 5/6. நம் பழைய கணக்கில் இந்த வழி இருந்தது. முந்திரி என்பது 1/320. அரைக்கு 160 முந்திரி, காலுக்கு 80, மாவுக்கு (1/20) 16, காணிக்கு (1/80) 4. எல்லாவற்றையும் ஒரே சிறு அளவுக்குக் கொண்டுவந்தால் கூட்டல் வெறும் எண்ணிக்கைதான். இதையும் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கழித்தலில் கலப்பு பின்னத்துக்குக் கூடுதல் நேரம் வேண்டும். 3 1/4 − 1 2/3 என்றால், காலிலிருந்து 2/3 போகாது என்று திருப்பிப் போட்டு 2 5/12 என்று எழுதுகிறார்கள். மூன்றில் ஒரு முழுமையை உடைத்து 2 15/12 ஆக்கி, 1 8/12ஐக் கழித்தால் 1 7/12. வந்த விடையை 1 2/3 உடன் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், 2 5/12 என்று தவறாக எழுதியபோது 3 1/4 வர வேண்டிய இடத்தில் 4 1/12 வருகிறதே என்று பிள்ளையே பிடித்துவிடும்.

ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால், விடை அரையைத் தாண்டுமா, ஒன்றைத் தாண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சொல்லிவிட்டு எழுதட்டும். பாடம் முடிக்கும் அவசரம் உங்களுக்கு இருப்பது தெரியும். மற்ற பாடங்களில் இரண்டு பீரியட் குறைத்தாவது இதற்குக் கொடுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியை, புளியந்தோப்பு