புதுமுக ஆட்டக்காரரை ஒரே பின்னேரத்தில் அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பல்கலைக்கழகங்களுக்கும் ஏனைய உயர்கல்வி நிறுவனங்களுக்கும் புதுமுக மாணவர்கள் வந்து சேர்ந்த சில கிழமைகளிலேயே விளையாட்டு அணித் தெரிவுகள் தொடங்கிவிடும். கூடைப்பந்தாட்டத்தில் அது பெரும்பாலும் ஒரே பின்னேரத்து வேலை. நாற்பது பேர் வருவார்கள், மூன்று பந்து இருக்கும். வரிசையில் நின்று லேஅப் (ஓடிவந்து எழும்பி வளையத்துக்குக் கிட்டவாகப் பந்தைப் போடுதல்), ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிதல்), கடைசியில் சீனியர்களோடு கலந்து பத்து நிமிட ஆட்டம். மஃரிப் பாங்கு கேட்பதற்குள் பெயர்ப் பட்டியல் தயார். எந்த வளாகத்தையும் சுட்டி இதை எழுதவில்லை. பல இடங்களிலும் இதுதான் வழக்கம். இன்று யார் நன்றாக ஆடுகிறார் என்பதை அந்தப் பட்டியல் சுமாராகச் சொல்லும். மூன்றாம் வருடத்தில் யார் அணியைத் தாங்குவார் என்பது அதில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு முதலாம் வருடத்தில் வருபவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, இசட் புள்ளி வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவு முடிந்து வளாகத்துக்குள் கால் வைக்கும்போது இருபது, இருபத்தொன்று ஆகிவிடும். ஆகவே 'இன்னும் வளருவான்' என்ற கணக்கு இங்கே செல்லாது. உயரம் அநேகமாக முடிந்த கதை. அதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. பாடசாலை அணியை விட்ட பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ பலர் பந்தையே தொட்டிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் ஏதாவது கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் தெரிவு நாளன்று பளிச்சென்று தெரிவார். ரியூஷன் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார். ஓட்டம் நாலைந்து கிழமையில் பெருமளவு திரும்பி வரும். எனவே 20 மீற்றர் பீப் ஓட்டத்தை (ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டி ஓடும் சோதனையை) முதற் கிழமையில் ஒரு தடவையும் ஐந்தாம் கிழமையில் இன்னொரு தடவையும் வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்றத்தைப் பாருங்கள். முதல் எண்ணை மட்டும் வைத்து யாரையும் கழிக்காதீர்கள்.

அனுபவத்தையும் ஆற்றலையும் பிரித்துப் பார்ப்பது அடுத்தது. கிழக்கில் இந்த ஆட்டம் வளர்ந்ததில் அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருமாருக்குப் பெரும் பங்குண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி போன்ற இடங்களில் சின்ன வகுப்பிலிருந்தே பந்தோடு வளர்ந்தவர்கள் வருவார்கள். வளையமே இல்லாத பாடசாலையில் படித்துவிட்டு வந்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார். எட்டு வருடம் ஆடியவருக்குப் பத்துக்கு ஏழும், ஆறு மாதம் ஆடியவருக்குப் பத்துக்கு ஐந்தும் கிடைத்தால், யாரை வைத்து மூன்று வருடம் உழைக்கலாம் என்று யோசிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் 'ஆடிய வருடங்கள்' என்று ஒரு நிரல் போடுவது செலவில்லாத காரியம். ஆனால் அப்படி ஒரு நிரல் உள்ள தெரிவுத் தாளைக் காண்பது அரிது.

உடலளவில் உயரத்தை விட நின்ற நிலை எட்டுதான், அதாவது நின்றபடி கையை உயர்த்தித் தொடும் உயரம்தான் பயன் தரும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தலை எட்டப் போவதில்லை, விரல்தான் எட்ட வேண்டும். 178 சென்ரிமீற்றர் உயரமுள்ள இருவரில் ஒருவர் கையை நீட்டினால் 2.26 மீற்றரும் மற்றவர் 2.36 மீற்றரும் தொடக்கூடும். அந்தப் பத்துச் சென்ரிமீற்றரைத் தாவும் பயிற்சியால் ஈடுகட்ட ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டாலும் பலருக்குக் கைகூடாது. அளப்பதற்கு ஒரு சுவரும் அளவுநாடாவும் வெண்கட்டியும் போதும். விரல் நுனியில் வெண்கட்டி பூசி, குதிக்கால் நிலத்தில் பதிய, தோளை முழுதாகத் தூக்கி முதலில் ஒரு குறி. பிறகு நின்ற இடத்திலிருந்து மூன்று தாவல், அதில் உயர்ந்த குறி. இங்கே நடக்கும் களவு என்னவென்றால், முதற் குறியில் தோளைத் தூக்காமல் விட்டுத் தாவலைக் கூட்டிக் காட்டுவது. அளப்பவர் தோளைப் பிடித்துப் பார்த்தால் தீர்ந்தது.

பத்து ஃப்ரீ த்ரோ என்பது வெறும் சீட்டிழுப்பு. நூற்றுக்கு எழுபது போடக்கூடிய ஒருவர், பத்து எறிதலில் ஐந்து அல்லது அதற்குக் குறைவாகப் போடுவதற்கு நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு. நூற்றுக்கு ஐம்பதே போடும் ஒருவர், பத்தில் ஏழோ அதற்கு மேலோ போட்டுவிடுவதற்கு நூற்றுக்குப் பதினேழு. இந்த இருவரையும் ஒரே பின்னேரத்தில் மாற்றித் தெரிவு செய்துவிடுவது வெகு சுலபம். நாளுக்கு இருபது வீதம் ஐந்து நாள், மொத்தம் நூறு எறிந்தால், எழுபதுக்காரர் அறுபதுக்குக் கீழே இறங்குவது நூற்றில் ஒரு தடவை நடந்தாலே பெரிது. எண்ணும்போது தவறிய பந்து எங்கே போனது என்பதையும் குறியுங்கள். தொடர்ந்து முன்விளிம்பில் பட்டு வந்தால் கால் பலம் போதவில்லை, அல்லது களைப்பு, திருத்தலாம். இடமும் வலமுமாகச் சிதறினால் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதைத் திருத்த மாதக்கணக்கு வேண்டும். நம் திறந்த தளங்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கச்சான் அடிக்கும் மாதங்களில் பின்னேரக் காற்றுப் பந்தைத் தள்ளிவிடும். காலையில் எறிந்தவரையும் பின்னேரம் எறிந்தவரையும் ஒப்பிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட எதிர்காலத்தைக் காட்டும் சோதனை, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துப் பார்ப்பதுதான். வந்த எவருக்கும் பழக்கமில்லாத ஒரு அசைவை எடுங்கள். வலக்கைக்காரருக்கு இடக்கை லேஅப் நன்றாகப் பொருந்தும்: இடக்கால், வலக்கால், இடது முழங்காலைத் தூக்கி இடக்கையால் பலகையில். முதல் நாள் காட்டுவதற்கு முன் பத்துத் தடவை போடச் சொல்லி எண்ணுங்கள். பிறகு இருபது நிமிடம் கற்றுக்கொடுத்து மீண்டும் பத்து. பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, கூடுதலாக ஏறியவரைக் 'கெட்டிக்காரர்' என்று எழுதிவிடுவார்கள். அது பிழை. அந்தப் பயிற்சிக்குள் வந்த ஏற்றத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். இரண்டு நாள் ஓய்வு விட்டு, எதுவும் நினைவுபடுத்தாமல், உடல் சூடேறிய உடனே பத்துப் போடச் சொல்ல வேண்டும். அந்த எண்தான் உண்மையான எண். முதல் நாள் 2, கற்ற பின் 7, ஓய்வுக்குப் பின் 3 என்று வருபவரை விட 1, 4, 4 என்று வருபவர் நிலைத்துக் கற்பவர். மூன்று கிழமைக்கு இதே முறையில் மூன்று அசைவுகள் போதும். தவறும்போது முகத்தையும் பாருங்கள். சிரித்து மழுப்புகிறாரா, பந்தைக் குறை சொல்கிறாரா, அடுத்த தடவை காலை மாற்றி வைத்துப் பார்க்கிறாரா என்பதைக் கொப்பியில் ஒரு சொல்லால் குறித்தால் போதும்.

வேறு விளையாட்டிலிருந்து வருபவர்களைத்தான் தெரிவாளர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். உயரமான பெண்பிள்ளையைக் கண்டால் பாடசாலையில் முதலில் வலைப்பந்துக்குத்தான் இழுப்பார்கள், 2.08 மீற்றர் உயரமான தர்ஜினி சிவலிங்கத்தை நாடே அறிந்த பிறகு அதில் வியப்பில்லை. வலைப்பந்திலிருந்து வருபவருக்குப் பந்தைப் பிடிக்கும் கையும், ஊன்றிய காலில் நின்று திரும்பும் பழக்கமும், மூன்று செக்கனுக்குள் முடிவெடுக்கும் வேகமும் ஏற்கெனவே உண்டு. அங்கும் வளையம் 3.05 மீற்றர்தான், ஆனால் விட்டம் குறைவு, 380 மில்லிமீற்றர், பின்னால் பலகையும் கிடையாது. அதனால் பந்தை உயர வளைத்துப் போடுவார்கள். தெரிவு நாளில் அவர்களைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, பந்தின் எடை: வலைப்பந்து 400 முதல் 450 கிராம், பெண்களுக்கான 6ஆம் இலக்கக் கூடைப்பந்து 510 முதல் 550 கிராம். முதல் சில நாள் எல்லாம் வளையத்துக்குக் கிட்டவாக விழும். இரண்டு, பந்தைப் பிடித்ததும் நின்றுவிடுவார்கள், தட்டிக்கொண்டு போகத் தோன்றாது. மூன்று, காவலின்போது 0.9 மீற்றர் தள்ளி நிற்கும் வலைப்பந்து விதி உடலில் ஊறியிருக்கும். மூன்றும் பழக்கம் சார்ந்தவை, கிழமைக்கணக்கில் மாறும். இதை அறியாமல் ஆண்களுக்கான 7ஆம் இலக்கப் பந்தைக் கொடுத்துப் பெண்களைச் சோதிக்கும் கூத்தும் நடக்கிறது.

கரப்பந்தாட்டக்காரர் தாவும் நேரத்தைச் சரியாகக் கணிப்பார். ஆனால் ரீபவுண்டை (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை) பிடிக்காமல் தட்டிவிடுவார். உதைபந்தாட்டக்காரருக்கு வெற்றிடம் தெரியும், கால் சொன்னபடி கேட்கும். கை முரடாக இருக்கும். கபடிக்காரர் இடுப்பைத் தாழ்த்தி நிற்பதும் மோதலுக்கு அஞ்சாததும் காவலுக்குத் தங்கம். பாடசாலையில் உயரமாக இருந்ததால் எட்டு வருடமும் வளையத்தடியில் நின்ற ஐந்தடி பத்தங்குலக்காரரின் நிலைதான் இக்கட்டானது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆட்டத்தில் அந்த இடம் அவருக்குக் கிடைக்காது, வெளியே வந்து பந்தைக் கையாள வேண்டும். தெரிவு நாளில் அதிகப் புள்ளி எடுப்பவர் அவராகவே இருப்பார். இடக்கை லேஅப் சோதனையில் அவர் எப்படிக் கற்கிறார் என்பதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ஆட்டத்தில் வைத்துப் பார்ப்பதானால் ஐந்துக்கு ஐந்து வேண்டாம். சீனியர்கள் தங்களுக்குள் பந்தைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். புதியவர் பத்து நிமிடம் ஓடிவிட்டுப் பந்தைத் தொடாமலே வெளியே வருவார். புதியவர்களை மட்டும் அரைத்தளத்தில் மூன்றுக்கு மூன்று விடுங்கள். அறுவரில் எவரும் ஒளிய முடியாது. பந்தைக் கொடுத்த பின் நிற்கிறாரா, வெட்டி ஓடுகிறாரா? பந்து பறிபோனதும் முதல் மூன்று எட்டு எந்தப் பக்கம்? எறிதல் நடக்கும்போது பந்தைப் பார்க்கிறாரா, ஆளை முதுகால் அடைக்கிறாரா? புள்ளியை எண்ண எல்லோரும் இருக்கிறார்கள், இவற்றை எண்ண ஒருவரை ஒதுக்குங்கள்.

'இவன் வாயே திறக்கவில்லை, தலைமைத்துவம் இல்லை' என்று எழுதுவதற்கு முன் இரண்டு விடயம் நினைவில் இருக்கட்டும். நம் வளாகங்களில் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் கலந்து படிக்கிறார்கள். ஒரே மொழியில் மூன்று வசனமாக விளக்கிவிட்டு ஊதலை ஊதினால், குருநாகலிலிருந்து வந்தவர் ஒரு கணம் பிந்தி ஓடுவார். அது மந்தம் ஆகாது. சொல்லாமல் செய்து காட்டுங்கள். மற்றது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சீனியரின் முன்னால் கத்திப் பந்து கேட்கவும், அவரை முட்டித் தடுக்கவும் ஒரு புதுமுகத்துக்குத் துணிவு வருமா? இரவு நித்திரை இல்லாமல் வந்தவரின் தாவலை அளந்துதான் என்ன பயன்? சீனியர்கள் தளத்துக்கு வெளியே இருக்கும் நாளில் அதே ஆளைப் பாருங்கள், வேறு ஆட்டக்காரரைக் காண்பீர்கள்.

சீமெந்துத் தளத்தில் திடீரென்று தினமும் தாவினால் இரண்டாம், மூன்றாம் கிழமையில் முழங்காலின் கீழும் கணைக்கால் எலும்பிலும் நோவு வரும். அப்போது நொண்டுபவரைச் சோம்பேறி என்று கழித்துவிடுகிறார்கள். கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். சப்பாத்து இல்லாதவருக்கு அளவான ஒரு சோடியைப் பயிற்சிக்குள்ளேயே ஏற்பாடு செய்யுங்கள். வழுக்கும் அடியோடு ஓடுபவரின் வேகத்தை அளப்பது சப்பாத்தை அளப்பதுதான். விஞ்ஞான பீடத்தவருக்கும் சித்த மருத்துவ மாணவருக்கும் செய்முறை வகுப்பு பின்னேரம் வரை நீளக்கூடும். வரவு குறைந்தால் முதலில் நேரசூசியைக் கேளுங்கள்.

அமெரிக்காவிலும் 1972 வரை முதலாம் வருடத்தவர் கூடைப்பந்தாட்டப் பிரதான அணியில் ஆட அனுமதி இல்லை. இன்று ஒரே வருடம் ஆடிவிட்டு என்.பி.ஏ. என்ற தொழில்முறைத் தொடருக்குப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படித்தான் என்று எண்ணுகிறோம். டொரொன்டோவைச் சேர்ந்த சாக் ஈடி பத்தாம் வகுப்பில்தான் முறையாகக் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், 2020–21இல், ஆட்டத்துக்குச் சராசரி 8.7 புள்ளி, நான்காம் வருடம் 25.2. ஏழடி நாலங்குலம் உள்ளவரை யாரும் எளிதில் கழித்துவிட மாட்டார்கள் என்பது உண்மைதான். நம் பிள்ளைகளுக்கு அந்த உயரம் இல்லாததால்தான் கொப்பியும் வெண்கட்டியும் வேண்டியிருக்கிறது.

பன்னிருவர் அணியில் இரண்டு, மூன்று இடங்களை இன்றைய புள்ளியைப் பாராமல் கற்கும் வேகத்துக்கு ஒதுக்கலாம். மேலும் எட்டுப் பேரைப் பயிற்சிப் பட்டியலில் வைத்திருக்கலாம். தெரிவாளர் மூவர் தனித்தனியே எழுதிய பிறகே பேச வேண்டும். மாணவருக்கு இலக்கம் மட்டும், பாடசாலைப் பெயர் கடைசியில். தன் பாடசாலைத் தம்பியைத் தூக்கிவிடும் ஆசை எந்த அணித்தலைவருக்கும் வரும், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியோடு எழுதி, இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கழிக்கப்பட்டவர்களையும் அழைத்து அதே சோதனைகளை வையுங்கள். அந்தக் கொப்பி உடற்கல்விப் பிரிவின் அலுமாரியில் இருக்கட்டும். அணித்தலைவரின் பையில் இருந்தால், அவர் பட்டம் பெற்றுப் போகும் நாளில் அதுவும் கூடப் போய்விடும்.

இங்ஙனம்,
கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.